பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டவர்

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் என் அலுவலகத்தில் வந்து நின்றது. நான் தன்பாலீர்ப்பாளன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். யாராவது கிண்டல் செய்கிறார்களா, முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களா, புரமோஷனில் கை வைத்தார்களா என்று அக்கறையோடு ஒவ்வொன்றாக விசாரித்தான். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையும் அதுதான். "அப்புறம் என்னடா? யாரும் உன்னை ஒண்ணும் கேக்கறதில்ல. அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். அவன் கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பதை அவன் நல்ல செய்தியாகச் சொன்னான். ஆனால் சென்னை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், இங்கே யாரும் யாரையும் கேட்காமல் விடுவதே இல்லை. புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் ஒரே வாரத்தில் அவன் சொந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தங்கச்சி எந்தக் காலேஜ், வேளச்சேரியில் எத்தனை பேரோடு ரூம் எடுத்திருக்கிறான், வாடகை எவ்வளவு என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மதியம் டப்பாவைத் திறக்கும்போதே "இன்னிக்கு உங்க வீட்ல என்ன?" என்றுதான் பேச்சு தொடங்கும். யாருடைய மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், யாருடைய பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட் கிடைக்கவில்லை, யார் பள்ளிக்கரணையில் ஃப்ளாட் புக் பண்ணிவிட்டு இ.எம்.ஐ.யில் திணறுகிறார்கள் எல்லாம் அந்த மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனவனுக்குத் திங்கட்கிழமை காலை ஓ.எம்.ஆர். கம்பெனி பஸ்ஸில் கால் வைக்கும்போதே விசாரணை ஆரம்பித்துவிடும். இந்தப் பழக்கத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. குழந்தை இல்லாத தம்பதியையும், முப்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாத பெண்ணையும் இந்தக் கேள்விகள் எப்படி வதைக்கின்றன என்று பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறேன். சொந்த ஊரையும் குலதெய்வத்தையும் கேட்டுச் சுற்றி வளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவரை நம் ஆளாகச் சேர்த்துக்கொள்ள நமக்குத் தெரிந்த வழியும் இந்த விசாரிப்புதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒருவனை மட்டும் ஒன்றும் கேட்காமல், மரியாதையாக, விட்டுவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் நண்பனுக்குச் சொல்ல நினைத்தேன். அது ஒரு காபி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை.

கேட்காமல் விட்ட கேள்விகள்

நான் அலுவலகத்தில் சொன்னது, தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 தீர்ப்புக்கு அப்புறம். செப்டம்பர் 6 அன்று கேன்டீன் டிவியில் எங்களைக் குற்றவாளியாக்கிய 377-ஆம் பிரிவு பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிடவில்லை. 2013 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட நாள் நினைவில் இருந்தது. ஒரு முறை பிடுங்கியவர்கள் மறுபடியும் பிடுங்கமாட்டார்களா என்ற பயம் ஒரு தீர்ப்பில் போய்விடாது. அது வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்பதை விரிவாக எழுத வேண்டியதில்லை, என்னைப் போன்றவர்கள் எல்லோரும் ஓட்டிய விதம்தான். அக்கா கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று "எப்போ கல்யாணம்?" என்ற கேள்விக்கு வருடத்துக்கு ஒரு பதில். கூடவே வாழ்கிறவனை ரூம்மேட் என்று சொல்வது. நாளாக ஆக மதியச் சாப்பாட்டு மேசைக்குப் போவதையே நிறுத்தி, என் இடத்திலேயே சாப்பிட்டேன். "டீமோடு ஒட்டுவதில்லை" என்று அப்ரைசலில் எழுதினார்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கண்ணில் பட்டதை எழுதினார். ஆனால் மறைத்து வாழ்வது சம்பளத்திலும் கை வைக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஒரு நாள் டீம் லீடை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். என்னைவிட இரண்டொரு வயது பெரியவர், விழுப்புரம் பக்கம், அதிகம் பேசமாட்டார். ஒரு நிமிடம் மேசையைப் பார்த்துவிட்டு, "அது உங்க பர்சனல். எங்களுக்கு அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. வேற யார்கிட்ட சொல்றதுன்னாலும் சொல்லுங்க, யாராவது ஏதாவது பேசினா என்கிட்ட வாங்க" என்றார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த வார்த்தைகளுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இந்த நாட்டில் தனியார் வேலையில் இருக்கும் ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒதுக்கினால், அதைத் தடுக்கவென்று தனிச் சட்டம் ஒன்றுகூட இல்லை. திருநர்களுக்காவது 2019 சட்டம் வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்கிறது, எங்களுக்கு அதுவும் கிடையாது. மேலாளரின் நல்ல மனசும் கம்பெனியின் கொள்கையும்தான் எங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு. அந்த நிலைமையில் ஒருவர் "என்கிட்ட வாங்க" என்று சொல்வது சாதாரண விஷயம் அல்ல.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் மறுபடி சாப்பாட்டு மேசைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் அது தட்டுப்பட்டது. "வீக்கெண்ட் என்ன பண்ணீங்க?" என்ற கேள்வி ஒவ்வொருவராகச் சுற்றி வரும், எனக்கு முன்னால் வந்ததும் என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடும். ஒரு தடவை நானாகவே, "நானும் அவனும் வேலூர் போயிருந்தோம்" என்றேன். எல்லோரும் சட்டென்று சாப்பாட்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர், "ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோடு வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்டார். முடியவில்லை என்றேன். ரோட்டைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். இன்னொருவர் மனைவியோடு ஏலகிரி போய் வந்ததைச் சொன்னபோது எந்த ஓட்டல், என்ன வாடகை, ரெண்டு பேரும் போட்டில் போனீர்களா என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. என் வேலூரில் இரண்டு பேர் இருந்தார்கள். பேசி முடித்தபோது தார் ரோடு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இதில் வெறுப்பு இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தப்பாக எதையாவது கேட்டுவிடுவோமோ என்ற பயம் அது. எங்கள் கம்பெனியில் ஜூன் மாதம் எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு மணி நேர வகுப்பு ஒன்று நடக்கும். என்னவெல்லாம் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் போட்டுக் காட்டுவார்கள். அதே மாதம் அடையாள அட்டைக்கு வானவில் நாடாவும் கொடுப்பார்கள். நான் இவற்றைக் குறைத்துப் பேச வரவில்லை. அந்த நாடாவைக் கழுத்தில் பார்த்துத்தான் திருநெல்வேலியில் இருந்து வந்த ஒரு ஃப்ரெஷர் பையன் மாடிப்படியில் என்னை நிறுத்தி, தன்னைப் பற்றிச் சொன்னான். நாடா இல்லையென்றால் யாரிடம் போவது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எதைக் கேட்கக் கூடாது என்று மட்டும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, எதைக் கேட்கலாம் என்று சொல்லித்தர ஆள் இல்லை. ஆகவே எதையுமே கேட்காமல் இருந்துவிட்டார்கள். அதற்குப் பெயர் நாகரிகம் என்று அவர்களும் நினைத்தார்கள், என் நண்பனும் நினைக்கிறான்.

ஓ பாசிட்டிவ்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் என் இணையருக்கு டெங்கு வந்தது. முதல் மூன்று நாள் வீட்டிலேயே நிலவேம்பும் பாராசிட்டமாலுமாக ஓட்டினோம். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. நிம்மதியானோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்தக் கட்டம்தான் ஆபத்தானது, பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் சரசரவென்று இறங்குவது அப்போதுதான். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் முப்பதாயிரத்துக்குக் கீழே இருந்தது. அட்மிஷன் கவுன்ட்டரில், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். பார்ட்னர் என்றேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஃப்ரெண்ட் என்று டைப் செய்துகொண்டு, "ரத்த சொந்தம் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். அவன் வீட்டார் எங்களோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தங்கை மட்டும் பேசுவாள், அவள் அப்போது துபாயில் இருந்தாள்.

டீம் லீடுக்கு போன் செய்து குடும்பத்தில் எமர்ஜென்சி, லீவு வேண்டும் என்றேன். "எடுத்துக்கங்க" என்றார். யாருக்கு, என்ன என்று கேட்கவில்லை. ஒரு மாதம் முன்புதான் எங்கள் டீமில் ஒருவரின் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்தன, இரண்டு பேர் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதே குழுவைத் திறந்து திறந்து பார்த்தேன். ரிலீஸ் தேதி தள்ளிப்போனதைப் பற்றி மட்டும் நாலு மெசேஜ் வந்திருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் பேரோல் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். பெரம்பூர்க்காரர், ஓய்வு பெறப் போகிற வயசு. அந்த ஜூன் மாத வகுப்புக்கெல்லாம் அவர் வந்ததே இல்லை, மாதக் கடைசியில் அவருக்குச் சம்பள வேலை தலைக்கு மேல் இருக்கும். லீவு என் கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று சொல்லத்தான் கூப்பிட்டதாக ஆரம்பித்தார். அப்புறம், "தம்பி, உங்க கூட இருக்கற அந்தத் தம்பிக்கா உடம்பு சரியில்ல?" என்றார். ஆமாம் அக்கா, டெங்கு என்றேன். "பிளேட்லெட் எவ்ளோ இருக்கு?" என்றார். சொன்னேன். "வாந்தி இருக்கா? வயித்து வலி? நீங்க ஏதாவது சாப்டீங்களா? நைட்டு கூட யாரு இருக்காங்க?" இந்தக் கேள்விகளுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று பதில் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. குரல் உடைந்துபோய், கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அவர் போனை வைக்காமல் பொறுமையாக இருந்தார்.

டாக்டர் டோனர் ரெடி பண்ணி வையுங்கள் என்று சொல்லியிருந்ததைச் சொன்னேன். "என்ன குரூப்?" "ஓ பாசிட்டிவ்." "நீங்க?" "நானும் அதேதான்க்கா. ஆனா நான் குடுக்க முடியாது." ஏன் என்று கேட்டார். ஆணோடு உறவில் இருக்கும் ஆண் ரத்தம் கொடுக்க முடியாது. தேசிய ரத்த மாற்று மன்றத்தின் 2017 வழிகாட்டு நெறி அப்படி. ஆண்டுக்கணக்காக ஒருவரோடு மட்டும் வாழ்ந்தாலும், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தாலும் நிரந்தரமாக முடியாது. திருநர்களுக்கும் அதே தடை. 2021-இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. இவ்வளவையும் அக்காவிடம் நான் சொல்லவில்லை, "எங்களை மாதிரி ஆளுங்க குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குக்கா" என்றேன். நான் உயிராக நினைக்கிறவன் உள்ளே படுத்திருக்கிறான், என் உடம்பில் அதே ரத்தம் ஓடுகிறது, அதை அவனுக்குக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அக்கா "இது என்ன தம்பி அநியாயம்" என்றார். அப்புறம், "சரி, நான் ஆள் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, பின்னால் மூன்று நான்கு பேர் சொல்லிக் கேட்டேன். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா எங்கள் மேசைக்கு வந்து நின்று, என் பெயரைச் சொல்லி, "அவரு வீட்டு ஆளுக்கு டெங்கு. பிளேட்லெட் ரொம்ப இறங்கிடுச்சு. ஓ பாசிட்டிவ் யாரு யாரு இருக்கீங்க?" என்றாராம். குரலைத் தாழ்த்தவில்லை, இழுக்கவில்லை, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னாராம். மேசையில் ஒரு கணம் அமைதி. அப்புறம் எங்கிருந்துதான் வந்தனவோ, அத்தனை கேள்விகளும் அவரைச் சூழ்ந்துகொண்டன. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, என்றிலிருந்து காய்ச்சல், பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்களா, சாப்பாடு யார் கொண்டு போகிறார்கள்? எல்லோருக்கும் கேட்கத் தெரிந்திருந்தது. முதல் கேள்வியை யாராவது சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் அந்த அறையில் இல்லாதபோது அவர் அதைச் செய்தார். நானே போய்க் கேட்டிருந்தால் அது என் பிரச்சினையாக மட்டும் இருந்திருக்கும். அவர் கேட்டதும் அது ஆபீஸ் விஷயமாகிவிட்டது.

சாயங்காலம் ரத்த வங்கிக்கு வந்தவர் டீம் லீட். ஓ பாசிட்டிவ். கைநரம்பைத் தட்டிப் பார்த்து, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, அதன் முடிவு வந்த பிறகு பெரிய நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு இயந்திரம். ரத்தத்தை இழுத்து, சுழற்றி, தட்டணுக்களை மட்டும் பிரித்து மேலே தொங்கும் பையில் விட்டுவிட்டு, மிச்சத்தை அதே கைக்குத் திருப்பி அனுப்பும். பையில் சேர்வது சிவப்பாக இருக்காது, வைக்கோல் நிறத்தில் மஞ்சளாக இருக்கும். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கையை அசைக்காமல் இருக்க வேண்டும். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள், அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் "உதடெல்லாம் மதமதன்னு இருக்கு" என்றார். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தினால் அப்படி வரும் என்று சொல்லி நர்ஸ் ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே மேலே பார்த்தபடி, "உங்க ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்.

சொன்னேன். பறக்கும் ரயில். அவன் திருமயிலையில் ஏறுவான், நான் பெருங்குடியில் இறங்குவேன். ஒரே பெட்டியில் பல மாதங்கள் பார்த்துக்கொண்டே போனோம், ஒரு மழை நாளில் ரயில் நடுவில் நின்றுவிட்டபோதுதான் பேசினோம். "யாரு முதல்ல பேசினது?" என்றார். அவன்தான் என்றேன். சிரித்தார். அப்புறம் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீட்டு ஓனருக்குத் தெரியுமா, அவர் அம்மா எப்போதாவது பேசுவார்களா, வீட்டில் சமையல் யார், தீபாவளிக்கு எங்கே போவீர்கள். நடுவில் ஒரு கேள்வி கொஞ்சம் எல்லை தாண்டியது. "அது வேணாமே" என்றேன். "சரி சரி, சாரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அதனால் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இத்தனை வருடம் "உங்க பர்சனல்" என்று கண்ணியமாக ஒதுங்கி நின்ற மனிதர், ஊசி குத்தியிருந்த கையை நீட்டி வைத்துக்கொண்டு என் வாழ்க்கையை விசாரித்து முடித்தார். பை நிறைந்ததும் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். நர்ஸ் கொண்டுவந்து காட்டினார். அன்றிரவு அது அவனுக்கு ஏறியது. மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது.

அக்கா கொடுத்த விலை

அக்காவுக்கு இது சும்மா கிடைத்துவிடவில்லை. "உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?" என்று அவர் பிரிவிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் ஒருபடி மேலே போய், "உங்க பையன் இப்படி இருந்தா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டாராம். "அவனுக்கு டெங்கு வந்தாலும் நாலு பேர் ரத்தம் குடுக்கணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. எங்களுக்குத் துணை நிற்பவர்கள் மேல் எங்கள் மேல் விழுகிற பேச்சில் ஒரு பங்கு விழும். அதைத் தெரிந்தும் நிற்பவர்களைத்தான் நான் ஆதரவாளர் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிடவும் இல்லை. பல வார்த்தைகள் அவருக்கு இன்றும் புதிது, அவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். இதைச் சொல்லும்போது எனக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நினைவுக்கு வருவார். ஒருவரையொருவர் விரும்பி மதுரையில் இருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அவர் முன்னால் வந்தபோது, இந்த உறவைத் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. தனக்கு எடுத்துச் சொல்லும்படி ஓர் உளவியலாளரோடு தானே அமர்ந்து பேசினார். எங்கள் சமூகத்தினரையும் சந்தித்தார். அதற்கு அப்புறம் 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில்தான், தன்பாலீர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று கிளம்பும் மருத்துவர்களைத் தடுக்கச் சொன்னார், காவல்துறைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் என்ன சொல்லித்தர வேண்டும் என்றும் வகுத்தார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பக்கத்து சீட்டில் இருக்கிறவரும் தாராளமாகக் கேட்கலாம்.

நான் வெளிப்படையாக இருக்க முடிவதற்கு என் நிலைமையும் ஒரு காரணம். நிரந்தர வேலை, சீனியாரிட்டி, வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும் என்ற தைரியம். அதே கட்டடத்தில் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவரோ, செக்யூரிட்டியில் நிற்பவரோ இதைச் சொல்லிவிட்டு அடுத்த மாதமும் வேலையில் இருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூன் மாத வகுப்பு அவர்கள் தலைமேல் இருக்கும் கான்ட்ராக்டர்களுக்கு நடப்பதில்லை. திருநெல்வேலிப் பையன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவன் ஊரில் தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அவனைச் சொல்லச் சொல்லி நான் ஒரு நாளும் வற்புறுத்த மாட்டேன். அவன் சொல்லாத வரைக்கும் மேசையில் "எப்போ கல்யாணம்?" என்று அவனைத் துளைக்கும்போது பேச்சை வேறு பக்கம் திருப்புவது என் வேலை. இப்போது டீம் லீடும் அதைச் செய்கிறார். அந்தப் பையனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பையனையும் அப்படித் துளைப்பது இப்போது அவருக்குப் பிடிப்பதில்லை.

நாமினி

2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத்தவர் கல்யாண உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் கையை விரித்த மறுநாள், அக்கா என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டு ஒரு ஃபைலைத் திறந்து வைத்தார். என் நாமினி படிவங்கள். "அவங்க குடுக்கலைன்னா போகட்டும், இருக்கறதுல என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றார். பி.எஃப்.பில் அவன் பெயரைப் போட முடியாது. அம்மா என்னை நம்பி இருப்பதால் எனக்குக் குடும்பம் இருக்கிறது என்றுதான் கணக்கு. குடும்பம் இருப்பவர் அந்தக் குடும்பத்தில் ஒருவரைத்தான் நாமினியாகப் போட வேண்டும். கிராஜுவிட்டியும் அப்படித்தான். குரூப் இன்ஷூரன்ஸில் போடலாம், ஆனால் மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு இருக்கும் உரிமை மற்ற நாமினிக்கு இல்லை, வாரிசுகள் வந்து கேட்டால் பணம் அவர்களுக்குத்தான். "அதனால உயில் எழுதிடுங்க தம்பி" என்றார். யாரும் எனக்கு அது வரை இப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை.

எழுதினேன். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் எங்கள் நண்பர், இன்னொருவர் அக்கா. பதிவு கட்டாயமில்லைதான், ஆனாலும் பதிந்துவிடுவோம் என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். பாதி நாள் லீவு போட்டுவிட்டு, ஆதார் நகலோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "இவரு உங்களுக்கு என்ன முறை?" என்று அவனைக் காட்டி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ரெண்டு பேரும் ஒண்ணா குடும்பம் நடத்தறாங்க சார். நான் சாட்சி, எங்க கைரேகை வைக்கணும்?" என்றார். அவர் இடத்தைக் காட்டினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. வாசலில் இருந்த கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் எங்களைப் போன்றவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவாகச் சொன்னது. அந்தச் செய்தியையும் பேப்பரில் இருந்து படம் எடுத்து முதலில் அனுப்பியது அக்காதான்.

இப்போது கையில் இருக்கும் வேலை லீவு விதி. எங்கள் கம்பெனியில் குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ, ஆஸ்பத்திரியில் படுத்தாலோ சம்பளத்தோடு தனி லீவு உண்டு. குடும்பம் என்றால் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், மாமனார் மாமியார் என்று அங்கே எழுதியிருக்கிறது. டெங்கு வாரத்தில் என் சொந்த லீவுதான் கழிந்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட தன்பாலீர்ப்புள்ள ஒரு பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைத்துக்கொள்ளக் கல்யாணம் மட்டுமே வழியில்லை என்று சொன்னது. அதைக் குறிப்பிட்டு, பட்டியலில் "இணையர்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆருக்குக் கடிதம் எழுதினோம். நான்தான் எழுதினேன், டீம் லீட் திருத்திக் கொடுத்தார். கையெழுத்து வாங்க மேசை மேசையாகப் போனது அவர். என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத டெஸ்டிங் டீம் ஆட்களும் போட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பையன் போடவில்லை, போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. வரும் மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார், அதற்குள் இந்த வரியை மாற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சட்டப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. பொங்கல் லீவு முடிந்ததும் மூன்று பேரும் போய் மறுபடி கேட்கப் போகிறோம்.